யாரும் தொடாத நாற்பது பெட்டிகள்

அத்தியாயம் 5

"கையெழுத்துப் போடாத குற்றவாளி இன்னும் பொறக்கல," என்றார் துப்பறிவாளர். "எங்கயாவது ஒரு இடத்துல போட்டுட்டுத்தான் போவான். அதைத் தேடிப் பிடிக்கறதுதான் நம்ம வேலை."

"என் கையெழுத்தை பேங்க்குலயே ஒத்துக்க மாட்டேங்கறாங்க அத்தான். தடவைக்கு ஒரு மாதிரி வருதாம். அப்ப நான் என்ன தப்புப் பண்ணாலும் தப்பிச்சுக்கலாம்," என்றான் லென்ஸ்.

கார் சிக்னலில் நின்றது. துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதும் அபூர்வம், சாய்ந்து உட்காருவதும் அபூர்வம். காரில் போகும்போதுகூட அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். புலனாய்வுத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் மட்டும் யாருக்கும் வந்ததில்லை.

லென்ஸ் அவர் மனைவியின் தம்பி. வயது நாற்பத்திரண்டு. சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மூக்கில் மாட்டியது போல ஒரு கண்ணாடி. அதைக் கழற்றினால் கதவும் சுவரும் அவனுக்கு ஒன்றுதான். இவன் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு அலுவலகத்துக்குத் தனியாகப் பூதக்கண்ணாடி வாங்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அவர்கள் கிளம்பியதே பத்தே காலுக்குத் தங்கையிடமிருந்து வந்த போனால்தான். அவள் பேசியதைவிட மூக்கை உறிஞ்சியதுதான் அதிகம்.

"அண்ணா, பிள்ளை அழுதுட்டே போன் பண்ணினா. பயிற்சி வகுப்புக்கு நாப்பது பேர் வந்து உக்காந்திருக்காங்களாம். ஒரு கம்ப்யூட்டர்லயும் ஒண்ணும் வேலை செய்யலையாம். மூணு வாரமா ராத்திரி பகல் பார்க்காம உழைச்சாளே அண்ணா! யாரோ வேணும்னே கெடுத்து வச்சிருக்காங்க."

"அழாதே. நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்ச வேலையில கை வச்சவன் எவனா இருந்தாலும் விட மாட்டேன். நாளைக்கு மத்தியானம் உன் வீட்டுக்குச் சாப்பிட வர்றேன்ல, அப்ப பேரோட வர்றேன். அதுக்கப்புறம் அந்த ஆள் நம்ம குடும்பத்துல யார் வீட்டு வாசப்படியும் ஏறக் கூடாது. இது என் வார்த்தை."

அந்தக் குடும்பத்தில் அவர் வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. கல்யாணப் பேச்சிலிருந்து கதவுக்கு அடிக்கும் வர்ணம்வரை அவர் தலையசைத்தால்தான் நடக்கும். தங்கை நிம்மதியாக மூக்கைச் சிந்திவிட்டு போனை வைத்தாள்.

இப்போது காரில் லென்ஸ் முழங்கால் மேல் ஒரு கசங்கிய நோட்டை விரித்தான்.

"அது என்ன போன கேஸ் நோட்டு? தூக்கிப் போடு. இந்தா." துப்பறிவாளர் பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அதுல இன்னும் பாதிப் பக்கம் காலியா இருக்கு அத்தான்."

"இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் பழசைக் குடுத்து எங்க குடும்பத்துல பழக்கமில்ல."

"தெரியும், தெரியும். எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்பவே புதுச் செருப்பு போட்டுட்டு வந்தீங்க. காலைக் கடிச்சு நொண்டிக்கிட்டே போனீங்க. மாப்பிள்ளைக்குக் கால் ஊனமான்னு எங்க அப்பா கேட்டார்."

"முன்னாடி பார்த்து ஓட்டுப்பா," என்றார் துப்பறிவாளர் டிரைவரிடம்.

பயிற்சி நிலையம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி, ஒரு மேஜை, மேஜைமேல் கனமான வருகைப் பதிவேடு. துப்பறிவாளர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். இன்று அவசரத்தில் லென்ஸையே எழுதச் சொல்லிவிட்டுப் படியேறினார். அவருக்கு வழி தெரியும். வியாழக்கிழமைதான் ஒரு எட்டு வந்து, தங்கை மகள் வேலை செய்யும் இடத்தையும் அவளுடைய ஏற்பாடுகளையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அன்று எல்லாம் ஒழுங்காக இருந்ததற்கு அவர் கண்ணே சாட்சி. ஆகவே கெடுத்தவன் வியாழனுக்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மாடிக் கூடத்தில் நாற்பது மடிக்கணினிகள் வரிசையாக இருந்தன. நாற்பதிலும் ஒரே மாதிரி சிவப்பு எழுத்து. வந்தவர்கள் எல்லாரும் வேலை மாறும் ஆசையில் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். சிலர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் விடாமல் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மேடை ஓரத்தில் தங்கை மகள் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைக் கண்டதும் அவள் முகம் தெளிந்திருக்க வேண்டும். மாறாக, இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது.

"நீங்க எதுக்கு மாமா வந்தீங்க?"

"இது என்ன கேள்வி? உங்க அம்மா சொன்னா, வந்தேன்."

"வேண்டாம் மாமா. நான் பார்த்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க. ப்ளீஸ்."

சின்னப் பெண், மாமா முன்னால் தோற்று நிற்கக் கூச்சப்படுகிறாள் என்று துப்பறிவாளர் எண்ணிக்கொண்டார். இத்தனை வருட அனுபவத்தில் ஒரு முகத்தை இவ்வளவு தப்பாக அவர் படித்ததில்லை.

"முதல்ல என்ன கெட்டுப் போச்சுன்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி."

அவள் பெருமூச்சு விட்டாள். "பாடத்துக்கு என்னென்ன மென்பொருள் வேணுமோ எல்லாத்தையும் ஒரே பெட்டியில வச்ச மாதிரி மாமா. கன்டெய்னர்னு சொல்வோம். பெட்டி இந்த கம்ப்யூட்டர்ல இல்ல, கிளவுட்ல, எங்கயோ இருக்கற பெரிய மெஷின்ல இருக்கும். இங்க பட்டனை அழுத்தினா ஆளுக்கு ஒரு பெட்டி தெறக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"பெட்டியை அடுக்கறது யாரு?"

"யாரும் அடுக்க வேண்டாம். நான் ஒரு ஃபைல் எழுதி வச்சிருக்கேன். எது கீழ, எது மேலன்னு. ஒவ்வொரு தடவை தெறக்கும்போதும் அதைப் பார்த்துத் தானா புதுசா அடுக்கிக்கும்."

"சமையல்காரருக்கு எழுதிக் குடுக்கற சீட்டு மாதிரி," என்றான் லென்ஸ்.

"அப்படித்தான் சித்தப்பா. இன்னிக்குக் காலையில பெட்டி தெறந்துச்சு. ஆனா உள்ள இருக்கற பாடம் ஓட மாட்டேங்குது. அடியில இருக்கறதுக்கும் மேல இருக்கறதுக்கும் ஒத்துப்போகலைன்னு சொல்லுது."

அப்போது கதவருகே செருமும் சத்தம் கேட்டது. நிலையத்தின் தலைவர். மடிப்புக் கலையாத கோட்டு, மலர்ச்சியே இல்லாத முகம். அவர் பின்னால் காக்கிச் சட்டையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றார். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் மஞ்சள் டேப் சுருள். கட்டடத்தின் நெட்வொர்க் வேலைகளைப் பார்ப்பவர். 'வயர்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

"சார் வந்தது நல்லதாப் போச்சு," என்றார் தலைவர். "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா இங்க கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு என் கண்ணு முன்னாடி நாப்பதும் தெறந்து ஓடிச்சு. நேத்து சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் இந்த ஹால்ல தனியா இருந்தது இந்த ஆள் மட்டும்தான். காலையில எல்லாம் காலி. பன்னெண்டு மணிக்குச் சாவியையும் கார்டையும் வாங்கிட்டு வெளிய அனுப்பறேன்."

"சார், நான் ஒயரைக் கட்டி டேப் ஒட்டிட்டு இருந்தேன் சார். யாரும் கால் தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு," என்றார் வயர். தரையில் ஒவ்வொரு ஒயரும் மஞ்சள் டேப்புக்கு அடியில் கோடு பிசகாமல் படுத்திருந்தது.

"அவர் மேல தப்பில்ல சார். என் தப்பாத்தான் இருக்கும்," என்றாள் தங்கை மகள்.

"பாருங்க. இவங்களுக்கு இளகின மனசு. காலையிலேர்ந்து இதையே சொல்றாங்க. உங்க தப்புன்னா வியாழக்கிழமை எப்படிம்மா ஓடிச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். மாமாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பன்னெண்டு வரைக்கும் நேரம் குடுங்க," என்றார் துப்பறிவாளர். கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது.

அவர் வேலையை ஆரம்பித்தார். ஃபைலில் யார், எப்போது, என்ன மாற்றினாலும் கணினி தானே குறித்து வைக்கும் என்று தங்கை மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடைசி மாற்றம் வியாழன் நாலு இருபது. செய்தவர் அவளேதான். அதற்குப் பிறகு வெள்ளி முழுவதும் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"குறிப்பை யாராவது அழிச்சிருந்தா?"

"அழிச்சாலும் அழிச்ச தடம் இருக்கும் மாமா."

"அப்ப ஒண்ணு பண்ணு. இருக்கறதைக் கலைச்சுட்டுத் திரும்ப அடுக்கச் சொல்லிப் பாரு."

"முடியாது. ஒரு மாசத்துக்கு இவ்வளவு பெட்டிதான்னு கிளவுட் கம்பெனிக்காரங்க எங்களுக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க. காலையில பாடம் ஓடல ஓடலைன்னு எல்லாரும் அழிச்சு அழிச்சுப் புதுப் பெட்டி தெறந்துட்டாங்க. நான் கத்தறதுக்குள்ள அளவு முடிஞ்சு போச்சு. எல்லாத்தையும் அவங்களே நிறுத்திட்டாங்க. பாடம் நடத்தறவங்களுக்குன்னு தனியா ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. அடுத்தது ஒண்ணாந்தேதிதான்."

முன்வரிசை அம்மாள் நிமிர்ந்தாள். "அழுத்திட்டே இருந்தா வரும்னு பக்கத்துல இருந்தவர் சொன்னார் சார். நான் ஒரு பத்துத் தடவைதான் அழுத்தியிருப்பேன்."

"கொலையைவிட மோசம்," என்று லென்ஸ் முணுமுணுத்தான். "கொலையில ஒரு தடவைதான் குத்துவாங்க."

துப்பறிவாளர் வயரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"நேத்து இங்க கம்ப்யூட்டரைத் தொட்டியாய்யா?"

"தொடைச்சேன் சார். மூடி வச்சே தொடைச்சேன்."

"உன் மேல யாருக்காவது கோவமா?"

"என்னை யாரு சார் கோவிக்கற அளவுக்குப் பார்க்கப் போறாங்க? நெட் போனாத்தான் என் ஞாபகமே வரும்." அவர் சாவிக்கொத்தைத் தடவினார். "மக போன வாரம்தான் நர்சிங் சேர்ந்திருக்கா சார். அப்பாவுக்கு என்ன வேலைன்னு ஃபாரத்துல இந்த இடத்துப் பேரைத்தான் எழுதியிருக்கா."

பொய் சொல்லும் கண்கள் இவ்வளவு நேராகப் பார்க்காது. இவர் செய்யவில்லை. குறிப்பின்படி வேறு யாரும் செய்யவில்லை. துப்பறிவாளர் பூட்டிய அறைக்குள் நடந்த எத்தனையோ விவகாரங்களை அவிழ்த்தவர். ஆனால் அங்கெல்லாம் அறை என்று ஒன்று இருந்தது. இங்கே இருப்பது எங்கோ ஒரு மெஷினில் கண்ணுக்குத் தெரியாத நாற்பது பெட்டிகள். கைரேகை எடுக்க ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. மணி பதினொன்று பத்து.

"அத்தான், மூளைக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கு. என்னுது அடைச்சுக்கிச்சு. கீழ கேண்டீன் இருக்கு," என்றான் லென்ஸ்.

வேறு வழி தெரியாததால்தான் அவர் அவனோடு போனார்.

காவலாளியின் மேஜைக்கு வெளிப்பக்கம் இருந்த கேண்டீனுக்குப் பதிவேட்டில் கையெழுத்துத் தேவையில்லை; சீட்டுக் கொடுத்தால் கிண்ணத்தில் சூப் வரும். லென்ஸ் ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாயிற்று.

"என்னய்யா இது, பூசணிக்காயா? அன்னிக்கு நல்ல தக்காளி சூப்பு குடுத்தீங்களே!"

"என்னிக்கு?" என்றார் பரிமாறுபவர்.

"வியாழக்கிழமை. இவர் மேல போயிட்டார், நான் இங்கதான் உக்காந்து மூணு கிண்ணம் குடிச்சேன். இதே சீட்டுதான் குடுத்தேன். வேணும்னா பாருங்க." லென்ஸ் சட்டைப் பையைத் துழாவி ஒரு பழைய சீட்டை எடுத்து, இன்றைய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வியாழக்கிழமை போட்ட சட்டையா இது?" என்றார் துப்பறிவாளர் அருவருப்போடு.

"ஆதாரத்தைத் தொவைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பரிமாறுபவர் இரண்டு சீட்டையும் பார்த்தார். "அண்ணே, நல்லாப் படிங்க. ரெண்டுலயும் 'இன்றைய சூப்'புன்னுதான் போட்டிருக்கு. தக்காளின்னு எங்க போட்டிருக்கு? அன்னிக்கு அது, இன்னிக்கு இது."

துப்பறிவாளர் கை தண்ணீர் டம்ளரோடு பாதி வழியில் நின்றது. அவர் அந்த இரண்டு சீட்டுகளையே பார்த்தார். ஒரே அச்சு, ஒரே எழுத்து, ஒரே அளவு.

"சீட்டை யாரும் தொடல," என்றார் மெதுவாக. "சீட்டு அப்படியேதான் இருக்கு. பானையை மாத்திட்டாங்க."

"யாரு?"

"பானைக்காரன்தான். அவன் மேல தப்பே இல்ல. அவன் தெனமும் மாத்தறவன். தப்பு சீட்டை எழுதினவங்க மேல. எழுந்திருடா!"

அறுபத்தாறு வயதில் அவர் இரண்டிரண்டு படியாக ஏறினார். கூடத்தின் ஓரத்து மேஜையில் தங்கை மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஃபைல்ல, பெட்டிக்கு அடியில என்ன வைக்கணும்னு ஒரு வரி இருக்குமே, அதைக் காட்டு. அதுல குறிப்பா ஒண்ணைச் சொல்லியிருக்கியா, இல்ல இன்னிக்கு எது இருக்கோ அதுன்னு சொல்லியிருக்கியா?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இருக்கறதுலயே புதுசு எதுவோ அதுன்னு இருக்கு மாமா."

"வியாழக்கிழமை எது புதுசா இருந்ததோ அது உன் பாடத்துக்கு ஒத்துக்கிச்சு."

"ஆமா."

"நேத்து அதை விடப் புதுசு ஒண்ணு வந்திருக்கு."

"நேத்து ராத்திரி வந்திருக்கு. அது ஒத்துக்கல." அவள் குரல் இறங்கியது. "பத்தரைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

லென்ஸ் விசிலடிக்க வாயைக் குவித்தான். துப்பறிவாளர் நெஞ்சு நிமிர்ந்தது. வயர் பிழைத்தார். ஆனால் ஒரு முடிச்சு பாக்கி.

"நாலு இருபதுக்கு முன்னாடி இந்த வரியில என்ன இருந்தது?"

"போன வருஷத்துப் பதிப்போட நம்பர். அது மாறவே மாறாது. அதுக்காகத்தான் அதைப் போட்டிருந்தேன்."

"அவ்வளவு தெரிஞ்சவ நீயா மாத்தியிருக்க மாட்டே. யாரோ மாத்தச் சொல்லியிருக்காங்க. யாரு?"

"மாமா, விட்டுடுங்க."

"யாரைக் காப்பாத்தறே? கூட வேலை பார்க்கறவனா? அந்த ஆளுக்காக ஒரு ஏழை மனுஷன் வேலை போறதைப் பார்த்துட்டு இருப்பியா? நம்ம குடும்பத்துல பொறந்தவ செய்யற காரியமா இது?"

அவள் கண்கள் நிறைந்தன. அட்டையின் நாடா விரலைச் சுற்றி இறுகியது.

"லென்ஸ்! கேட்டுக்குப் போய் அந்தப் பதிவேட்டை எடுத்துட்டு வா. வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல இங்க யாரு இருந்தாங்கன்னு நான் பார்க்கறேன். கையெழுத்துப் போடாம எவனும் வந்திருக்க முடியாது."

"வேண்டாம் சித்தப்பா," என்றாள் அவள். லென்ஸ் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

ஐந்து நிமிடத்தில் காவலாளியின் முணுமுணுப்போடு பதிவேடு வந்தது. லென்ஸ் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி காகிதத்தில் இடிக்கும்வரை குனிந்தான்.

"வியாழன்... காலையில கூரியர்... தண்ணி கேன்... மத்தியானம் ஏசி மெக்கானிக்கு... நாலு மணிக்கு மேல ஒரே ஒரு ஆள்தான் அத்தான். மாட்டிக்கிட்டான்! நாலு அஞ்சுக்கு உள்ள, நாலு நாப்பதுக்கு வெளிய. பார்க்க வந்தது நம்ம பொண்ணைத்தான். ஒவ்வொரு எழுத்தும் சிப்பாய் மாதிரி வெறைப்பா நிக்குது. வந்த காரணம்..."

லென்ஸ் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தான்.

"படிடா."

"நீங்களே பாருங்க அத்தான்."

லென்ஸ் ஜோக்கடிக்காமல் ஒரு வாக்கியத்தை முடித்து அன்றுதான் அவர் கேட்டார். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

கையெழுத்து அவருடையது. 'வந்த காரணம்' என்ற கட்டத்தில், கோணல் இல்லாத எழுத்தில், 'மேற்பார்வை' என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் எல்லாம் திரும்பி வந்தது. இதே மேஜை. இதே திரை. அவள் ஆசையாக ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் விரலை நீட்டினார். இது என்ன, போன வருஷத்து நம்பர்? இதைவிடப் புதுசு இல்லையா? இருக்கு மாமா, ஆனா இதுதான்... நம்மளை நம்பி வர்ற நாப்பது பேருக்குப் பழசையா எடுத்து வைப்பே? நாளைக்கு யாராவது ஒரு சொல் சொன்னா அது உனக்கா, நம்ம குடும்பத்துக்கா? மாத்து. அவள் ஒரு நொடி தயங்கினாள். மாமா சொல்லை மறுத்துப் பழக்கமில்லாத விரல்கள். நாலைந்து தட்டல்தான். அவர் திருப்தியாகக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த திருப்பத்திலேயே மறந்தும் போனார். அவருக்கு அது தினம் பத்துத் தடவை சொல்லும் பேச்சு.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"எப்படி மாமா சொல்றது? பன்னெண்டுக்குள்ள சார்கிட்ட சொல்லிடணும்னுதான் இருந்தேன். ஏன் மாத்தினேன்னு கேப்பார். அதுக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. வராந்தாவில் வயர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றுவது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. ஒவ்வொரு சாவியையும் எண்ணிச் சரிபார்த்தார்.

துப்பறிவாளர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலைவரின் அறைக்கு அவர் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. முதுகு வழக்கம்போல நேராகத்தான் இருந்தது. அது பழக்கம்.

"மாத்தச் சொன்னவன் நான்," என்றார், உட்காராமலே.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், உங்க தங்கச்சி பொண்ணைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கறீங்க. பெரிய மனசு. ஆனா நம்பற மாதிரி வேற யாரையாவது சொல்லுங்க. நீங்களாவது, அடுத்தவங்க வேலையில மூக்கை நுழைக்கறதாவது!"

ஒரு ஆயுள் முழுதும் சேர்த்த மரியாதை, தேவைப்பட்ட ஒரே நேரத்தில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவர் பதிவேட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். தலைவர் 'மேற்பார்வை'யைப் படித்தார். சிரிப்பு நின்றது.

"என் ஆபீஸ்ல நீங்க மேற்பார்வையா?"

"மாமா சொன்னதுக்காக மாத்தினது என் கை சார்," என்றாள் வாசலில் நின்ற தங்கை மகள். மடிக்கணினியைக் கையிலேயே தூக்கி வந்திருந்தாள். "மிச்சம் இருக்கற ஒரு பெட்டியைப் பழைய நம்பர் போட்டுத் தெறந்து காட்டறேன்."

"அதுவும் போச்சுன்னா மேடையில காட்டக்கூட ஒண்ணும் இருக்காது."

"தெரியும் சார்."

அவள் அந்த வரியை மாற்றினாள். பட்டனை அழுத்தினாள். நான்கு நிமிடம். தலைவர், வயர், லென்ஸ், துப்பறிவாளர் எல்லாரும் ஒரு சின்னத் திரையில் ஊர்ந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பறிவாளர் வாழ்க்கையில் எதற்காகவும் அப்படிக் கைகட்டிக் காத்திருந்ததில்லை. கோடு முடிந்தது. சிவப்பு வரவில்லை. பாடம் ஓடியது.

யாரும் சந்தோஷப்படவில்லை. நாற்பது பெட்டி தேவைப்பட்ட இடத்தில் ஒன்று திறந்திருந்தது.

தலைவர் வயரின் அட்டையை மேஜையில் தள்ளினார். "போய் வேலையைப் பாரு." மன்னிப்பு எதுவும் அதோடு சேர்ந்து வரவில்லை. பிறகு தங்கை மகளிடம், "அந்த ஒண்ணைப் பெரிய ஸ்க்ரீன்ல போட்டு இன்னிக்கு எப்படியாவது ஓட்டுங்க. திங்கட்கிழமை காலையில என்னை வந்து பாருங்க," என்றார். கடைசியாகத் துப்பறிவாளர் பக்கம் திரும்பினார். "சாருக்கு இனிமே கேட்டுக்கு உள்ள வேலை இருக்காதுன்னு நினைக்கிறேன்."

வராந்தாவில் துப்பறிவாளர் அவளை நிறுத்தினார்.

"நான் என்ன பண்ணட்டும்? யாரையாவது பார்க்கவா? எழுதிக் குடுக்கவா? சொல்லும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒண்ணும் பண்ணாதீங்க மாமா," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போனாள்.

கண்ணாடிக்கு அப்பால் நாற்பது தலைகள் ஒரே திரையைப் பார்த்து நிமிர்ந்தன. முன்வரிசை அம்மாள் பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கேட்டில் வயர் ஓடி வந்தார். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது. "சார், நீங்க இல்லைன்னா..." என்று கையைக் கூப்பினார்.

"நான் இல்லைன்னா உங்களுக்கு ஒண்ணுமே ஆயிருக்காது," என்றார் துப்பறிவாளர். "கையை இறக்குங்க. தயவுசெஞ்சு."

காவலாளி, மேலிருந்து திரும்பி வந்த பதிவேட்டில் வெளியேறும் நேரத்தைக் காட்டினார். அவர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணியது.

காரில் ஏறியபோது போன் அடித்தது. தங்கை. லென்ஸ், தானே பேசுவதாகக் கையை நீட்டினான். அவர் தலையசைத்துவிட்டுக் காதில் வைத்தார்.

"அண்ணா, பிள்ளை போனையே எடுக்க மாட்டேங்கறா. என்னாச்சு? கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"கண்டுபிடிச்சுட்டேன்."

"நீங்க போனா எப்படிக் கண்டுபிடிக்காம இருப்பீங்க! யாரு அண்ணா அந்தப் பாவி? சரி சரி, போன்ல வேண்டாம். நாளைக்குச் சாப்பிட வரும்போது சொல்லுங்க. எத்தனை மணிக்கு வருவீங்க?"

கார் கிளம்பியது. துப்பறிவாளர் முதுகு மெல்லப் பின்னால் போய் சீட்டில் படிந்தது. லென்ஸ் அதைப் பார்த்தும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்கு நான் வரலம்மா," என்றார்.

"ஏன் அண்ணா?"

"அந்த ஆளை வாசப்படி ஏத்தக் கூடாதுன்னு காலையில உனக்கு வார்த்தை குடுத்தேன்ல. அதான்."